மக்கள் மாறினர், மொழி நிலைத்தது

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் பெருங்கடலில் உள்ள வனுவாட்டுத் தீவுகளில் வழங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட பூர்வகுடி மொழிகள் அனைத்தும், தைவானிலிருந்து பிலிப்பைன்ஸ் வழியாகப் பரவியதாக மொழியியலாளர்கள் கருதும் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் அவற்றைப் பேசுவோரின் மரபணுக் கூறுகளில் பெரும்பகுதி, நியூகினியை அடுத்த பிஸ்மார்க் தீவுக்கூட்டத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த பாப்புவா மக்களுடையது. ஆஸ்திரோனேசிய மொழியினரும் பாப்புவா மக்களும் வழியிலேயே கலந்து, கலப்பினராகவே வனுவாட்டில் கரையேறினர் என்ற ஊகம் நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்தது.

அந்த ஊகத்தைச் சோதிக்கும் வாய்ப்பை அளித்தது, எஃபாத்தே தீவின் தெஊமாவில் 2004 முதல் அகழ்ந்தெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 3000 ஆண்டுப் பழமையான இடுகாடு. பல்வரிசை போன்ற அச்சுக்கருவியால் கோலமிட்ட லப்பித்தா வகைப் பானைகளுடன் அங்கு புதைக்கப்பட்ட, வனுவாட்டின் முதற்குடியேறிகளின் தலைகள், உடல் மட்கிய பின் தனியே எடுக்கப்பட்டிருந்தன. ஓர் எலும்புக்கூட்டின் மார்பின் மீது மூன்று மண்டையோடுகள் வைக்கப்பட்டிருந்தன. வெப்பமும் ஈரமும் டி.என்.ஏ.வை விரைவில் சிதைத்துவிடும் இத்தகைய நிலத்தில், உள்காதைச் சூழ்ந்துள்ள மிகக் கெட்டியான எலும்பே ஆய்வாளருக்குக் கைகொடுத்தது. 2016இல் வெளியான முடிவு தெளிவானது: தெஊமாவில் ஆராயப்பட்ட மூவரிடமும் பாப்புவாக் கூறு ஏறக்குறைய இல்லை, தைவானின் பூர்வகுடிகளும் வட பிலிப்பைன்ஸின் கங்கனாய் மக்களுமே அவர்களுக்கு நெருங்கிய உறவினர்.

எனில், பாப்புவா வழியினர் பின்னரே வந்திருக்க வேண்டும். சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன் அவர்களின் வருகை தொடங்கியதை 2018இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அதுவும் ஒரே படையெடுப்பாக அன்றி, தலைமுறைகள் பலவற்றில் சிறிது சிறிதாக நிகழ்ந்ததென்பது அவற்றுள் ஒன்றின் முடிவு. மொழி பிழைத்ததற்குக் காரணம் இந்த நிதானமே எனக் கொள்வது பொருத்தமாகும். ஒவ்வொரு முறையும் சிலராக வந்தவர்கள் ஏற்கெனவே ஊர் பேசிய மொழியைக் கற்க, அவர்களின் பிள்ளைகள் அதையே தாய்மொழியாகக் கொண்டிருப்பர். எலும்பிலிருந்து ஒருவரின் முன்னோரை அறியலாம், அவர் பேசிய மொழியை அறிய இயலாது என்பதை, மொழியையும் குருதியையும் ஒன்றெனக் கருதும் வழக்கம் வேரூன்றியுள்ள நம் நாட்டில் அழுத்தமாகவே சொல்லவேண்டியுள்ளது.

எனினும் வந்தவர்கள் மொழியில் சுவடே பதிக்கவில்லை என்பதற்கில்லை. ஆஸ்திரோனேசிய மூதாதை மொழி பத்தின் அடிப்படையில் எண்ணியது. வனுவாட்டு மொழிகள் பலவற்றிலோ, ஒரு கையின் விரல்களோடு எண்ணிக்கை நின்று, ஆறு முதல் ஒன்பது வரை மீண்டும் ஒன்று, இரண்டு என்றே கட்டப்படுகிறது. இதைப் பாப்புவா மக்களின் எண்ணுமுறையிலிருந்து வந்த செல்வாக்காகவே மொழியியலாளர் சிலர் கருதுகின்றனர்.