கூடற்காட்சியும் கூடிய பின் எழும் சொல்லும்

காதலர் கூட்டத்தை வெளிப்படக் கூறாது குறிப்பான் உணர்த்துதல் தமிழ்ப் புலவர்தம் நாணத்தால் விளைந்தது என்று கூறுவாருளர். அக்கூற்றுப் பொருந்துமாறில்லை. அத்தகைய காட்சி எதனாற் பொருளுடையதாகின்றது என்பதைச் சில நூல்கள் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

சங்க அகப்பாட்டுள் புலவர் தம் குரலிற் பேசுவதில்லை. தலைவி, தலைவன், தோழி முதலியோர் கூற்றாகவே பாடல் அமையும். அகத்திணை மாந்தர்க்கு இயற்பெயர் சுட்டலையும் தொல்காப்பியம் விலக்கிற்று. ஆதலின், கூட்டத்தைப் புறத்தே நின்று கண்டுரைப்பார் இலர். நிகழ்ந்தபின் நினைந்துரைப்பாரே உளர். கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் பாட்டை நோக்குவாம். தலைவன் தன்னைக் கொண்ட ஞான்று உடனிருந்தது ஓடுநீரில் ஆரல் பார்த்து நின்ற குருகு ஒன்றே என்கின்றாள் தலைவி. அவன் சொல் பொய்ப்பின் அவளுக்குச் சான்று பகர்வார் எவருமிலர். குருகின் கருத்தோ மீன்மேலது. கூட்டத்தைச் சிறிதும் விரித்துரையாத அப்பாட்டு, அதன் விளைவைத் தனியே தாங்குவார் யாவர் என்பதை ஐயமற உணர்த்துகின்றது.

சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் கதை கூறுவாராய் நிற்பினும் இந்நெறி முற்றும் மாறிற்றில்லை. மனையறம்படுத்த காதையுள் கோவலன் கண்ணகியைப் பலபடப் பாராட்டுகின்றான். அவள் மறுமொழி யாதும் கூறினாளில்லை. கொலைக்களக் காதையிலோ அவள் அவன் ஒழுக்கத்தின் பிழையை அவனெதிரே எடுத்துரைக்கின்றாள். அதன்பின் அவளைத் தழுவிக் கண்ணீரை அடக்கிச் செல்லும் கோவலன் மீண்டிலன். முன்னைய மௌனத்தின் பொருள் பதினான்கு காதைகட்குப் பின்னரே நமக்கு விளங்குகின்றது.

12ஆம் நூற்றாண்டில் எழுந்த கலிங்கத்துப்பரணியின் கடைதிறப்பு இதனின் வேறாயது. ஆண்டு மகளிர்தம் ஊடலும் கூடலும் விரிவாகப் பாடப்படுகின்றன. ஆயின் விளிக்கப்படும் அம்மகளிர் வாய்திறந்து பேசுவதில்லை. சொல்வளம் மிக்க அப்பகுதியில் வருணனை உண்டு. வாழ்வின் திருப்பம் இல்லை. பரணியின் நோக்கம் போர்ப்புகழாதலின் அது குறையாகாது. எனினும் வேறுபாடு கருதத்தக்கது.

உரைநடைப் புதினம் தோன்றியபின், பழைய நெறி புதிய வடிவிற் புலப்படுகின்றது. தி. ஜானகிராமனின் மோகமுள் என்னும் புதினத்தில், பாபுவின் நெடுநாளைய வேட்கை நிறைவேறிய பின்னர், இத்தனை ஆண்டு ஏங்கியது இதற்குத்தானா என்னும் பொருள்பட யமுனா வினவுகின்றாள். நிகழ்ச்சியினும் அவ்வினாவே கற்போர் நெஞ்சில் நிற்பது. அவன் மோகத்தை அளந்தறியும் கோல் அவள் சொல்லேயாம்.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்குழி, கூடற்காட்சி பொருள் பெறுவது மறைத்தலானும் அன்று, விரித்தலானும் அன்று என்பது போதரும். கூடிய பின்னர் யார் பேசுகின்றனர், யார் வாளாவிருக்கின்றனர், விளைவை யார் சுமக்கின்றனர் என்பனவே அதற்குப் பொருள் தருவன. புதினங்களை ஆராய்வோர் காட்சியின் அளவை நோக்காது, அதனையடுத்து எழும் முதற்சொல்லை நோக்குதல் வேண்டும் என்பது எம் துணிபு.