தந்தை சொத்தும் மகள் பங்கும்

'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்பது நம் முன்னோர் கண்ட முதுமொழி. ஒரு தாய் வயிற்றில் பிறந்து ஒரு கூரையின்கீழ் வளர்ந்தோரும், தந்தை கண்மூடிய பின்னர் வேலிக்கும் கிணற்றுக்குமாக வழக்காடுவதை ஊர்தோறும் காண்கிறோம். அரச குடும்பத்திலும் இக்கேடு நிகழாமலில்லை. மாறவர்மன் குலசேகர பாண்டியனுக்குப்பின் அவன் மக்களாகிய சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்குப் பொருதனர். அப்பூசலுக்கிடையே, 1311-ஆம் ஆண்டில், மாலிக் காபூரின் படை பாண்டிய நாட்டினுள் புகுந்தது.

மைந்தர் இருவர் பொருதால் அதனை உரிமை வழக்கென்று உலகம் ஏற்கும். மகள் பங்கு கேட்டாலோ பேராசையென்று தூற்றும். இவ்வேற்றுமை சட்டத்திலேயே இடம்பெற்றிருந்ததும், பின்னர் அது நீங்கியதும் நாம் அறியத்தக்க வரலாறாகும். யான் சட்டம் பயின்றவனல்லேன். புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தர் பணி புரிபவன். ஆயினும், பிழைப்பின் பொருட்டு எல்லை கடந்து வந்து, சொந்த ஊரில் பூர்வீக நிலமும் இங்கு வீடுமாக வாழும் நம்மனோர்க்கு இச்செய்தி பயன்படுமென்று எழுதத் துணிந்தேன்.

நாம் வாழும் கஞ்சிக்கோடு, 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் உருவாகும்வரை, சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. நம் தமிழர் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தவை. ஆதலின் கிறித்தவக் குடும்பங்களுக்கு ஈரிடத்தும் இருவேறு நீதி இருந்தது. மலபாரில், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது இறந்த தந்தையின் சொத்தில் மகனும் மகளும் சமம். திருவிதாங்கூரிலோ 1916-ஆம் ஆண்டின் கிறித்தவ வாரிசுரிமைச் சட்டம் வழங்கியது. அதன்படி மகளுக்குக் கிட்டுவது மகன் பங்கில் நாலில் ஒன்று, அல்லது ஐயாயிரம் ரூபாய். இவற்றுள் எது குறைவோ அது. மகனுக்கு நாற்பதினாயிரம் கிடைத்தால், கால்பங்கான பதினாயிரமும் மகளுக்கு இல்லை, ஐயாயிரமே எல்லை. ஸ்திரீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாக வாக்களித்திருந்தாலோ அதுவும் இல்லை. கைம்பெண்ணுக்கு ஆயுட்கால அனுபவ உரிமை மட்டுமே. மறுமணம் செய்தால் அதுவும் நீங்கும்.

இச்சட்டத்தை எதிர்த்து நின்றவர் கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் அம்மையார். எழுத்தாளர் அருந்ததி ராயின் தாயார். அவர் தந்தை பி. வி. ஐசக் அரசுப் பணியிலிருந்த பூச்சியியல் அறிஞர். அவர் உயில் எழுதாமலே மறைந்தார். கணவரைப் பிரிந்த அம்மையார், இரு சிறு குழந்தைகளுடன் உதகமண்டலத்திலிருந்த தந்தையின் வீட்டில் தங்கினார். மகளுக்குத் தந்தை வீட்டில் உரிமையில்லை, வெளியேறுக என்றனர் உடன்பிறந்தாரும் தாயாரும். உதகை தமிழ்நாட்டில் உள்ளது. திருவிதாங்கூர்ச் சட்டம் அங்கே செல்லாது. அதனால் அவர் வெளியேறவில்லை. நீலகிரியில் மகளாக இருந்தவர் கோட்டயத்தில் மகளல்லர் என்றால், அதனினும் விந்தை வேறுண்டோ?

பின்னர் அவர் கோட்டயம் திரும்பி, 1967-இல் பள்ளியொன்றை நிறுவினார். 1983-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1986 பிப்ரவரி 24 அன்று தலைமை நீதிபதி பகவதியும் நீதிபதி பாடக்கும் தீர்ப்பளித்தனர். 1951 ஏப்ரல் முதல் நாள் இந்திய வாரிசுரிமைச் சட்டம் திருவிதாங்கூர்ப் பகுதிக்கும் விரிக்கப்பட்டமையால், பழைய சட்டம் அன்றே ஒழிந்ததென்பது தீர்ப்பின் சாரம். அஃதாவது, முப்பத்தைந்து ஆண்டுகளாக உயிரில்லாத சட்டத்தைக் காட்டியே பெண்கள் விலக்கப்பட்டு வந்தனர்! முன்னர்த் திருவிதாங்கூரில் இருந்த நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அப்பழைய சட்டமே செல்லுமென்று சென்னை உயர் நீதிமன்றம் முன்னர்க் கூறியிருந்தது. அதுவும் இத்தீர்ப்பால் மாறிற்று.

தீர்ப்பு வந்ததும் பங்கு கைக்கு வந்துவிடவில்லை. பாகப்பிரிவினை வழக்கு கீழ் நீதிமன்றங்களில் நடந்து முடிய 2010 ஆயிற்று. நடுவயதில் தொடங்கிய வழக்கு முதுமையில் முடிந்தது. அம்மையார் 2022 செப்டம்பர் முதல் நாள் மறைந்தார்.

இந்துக்களின் நிலையையும் சுருங்கக் கூறுவேன். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் சுயார்ஜிதத்தில் மகளுக்குச் சமபங்கு அளித்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமையோ மகனுக்கே இருந்தது. தமிழ்நாட்டரசு 1989-இல் மகளுக்கும் அவ்வுரிமையை வழங்கியது. ஆயினும் அவ்வாண்டு மார்ச் 25-க்கு முன் மணமானோர்க்கு அது இல்லை. கேரளம் வேறு வழி சென்று, 1976 டிசம்பர் முதல் நாள் தொட்டுக் கூட்டுக் குடும்ப முறையையே நீக்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் மகளுக்குப் பிறப்புரிமை வந்தது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுவதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இவ்வுரிமை கேரளத்து மகளிர்க்கும் உண்டென்று 2025-இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்திருப்பினும் நம் வீடுகள் வந்தனவா? 'சீர் செய்து அனுப்பினோமே, இனி என்ன பங்கு?' என்கிறோம். அது 1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்ச் சட்டத்தின் வாசகமே அன்றி வேறன்று. ஒரு பட்டுச் சேலையைக் கொடுத்துத் தங்கையிடம் கையொப்பம் பெறுகிறோம். அதனைத் தமிழ்நாட்டில் விடுதலைப் பத்திரம் என்பர். கேரளத்தில் ஒழிமுறி என்பர். அவள் மனமுவந்து இட்டால் அது பெருந்தன்மை. பிறந்தகத்து வாயில் அடைபடுமோ என்றஞ்சி இட்டால் அது நம் குடும்பத்துக்கு இழுக்கு.

ஆதலின் பெற்றோர் நலமுடன் இருக்கும்போதே மக்கள் அனைவரையும் ஒருங்கமர்த்தி, கணக்கை விரித்துக் காட்டி, உயிலோ பாகப்பத்திரமோ எழுதிப் பதிவு செய்தல் நன்று. அவ்வேட்டில் மகளின் பெயரும் மகனின் பெயருக்குச் சமமாக நிற்கட்டும். தந்தை ஒரு நாளில் எழுதி முடிக்கக்கூடியதை, மக்கள் நீதிமன்றப் படிகளில் இருபது முப்பது ஆண்டுகள் ஏறியிறங்கித் தேட வேண்டுமோ?

வாழ்க தமிழர் ஒற்றுமை! வளர்க நம் சங்கம்!