இழப்பீடு கோராமைச் சலுகை (இந்தியா)

இழப்பீடு கோராமைச் சலுகை என்பது, காப்பீட்டுக் காலம் முழுவதும் தம் வாகனத்தின் சேதத்துக்கு இழப்பீடு கோராத ஒருவருக்கு அடுத்த காப்பீட்டுப் பிரீமியத்தில் வழங்கப்படும் தள்ளுபடி ஆகும். வழக்கில் இது நோ கிளெய்ம் போனஸ் அல்லது என்.சி.பி. எனப்படுகிறது. இந்தியாவில் காப்பீட்டு நிறுவனத்தை மாற்றினாலும் இச்சலுகை தொடரும். ஆனால் அதற்கான தகுதியைப் புதிய நிறுவனத்திடம் மெய்ப்பிக்க வேண்டும்.

விகிதம்

2002 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய வாகனக் காப்பீட்டுக் கட்டண விதித்தொகுப்பின் 27ஆம் பொது விதி இச்சலுகையை வரையறுத்தது. இழப்பீடு கோராத முதல் ஆண்டுக்குப் பின் 20 விழுக்காடும், அடுத்தடுத்த ஆண்டுகளில் முறையே 25, 35, 45, 50 விழுக்காடும் தள்ளுபடி கிடைக்கும். 50 விழுக்காடே உச்ச அளவு. ஒருமுறை இழப்பீடு பெற்றால் சலுகை சுழியத்துக்குத் திரும்பும். 2007 ஜனவரி 1 முதல் சொந்தச் சேதக் காப்பீட்டுக்கான கட்டணக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பின்னரும் இவ்விகிதங்களே வழக்கில் உள்ளன.

தள்ளுபடி சொந்தச் சேதப் பிரீமியத்துக்கு மட்டுமே உண்டு. மோட்டார் வாகனச் சட்டம், 1988 கட்டாயமாக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டின் பிரீமியத்தில் இது கழிக்கப்படுவதில்லை. மொத்தத் தொகையில் பாதி குறையும் என எண்ணுவோர் ஏமாற்றமடைவதற்கு இதுவே காரணம்.

உரிமை யாருக்கு

சலுகை வாகனத்துக்கு உரியதன்று, காப்பீடு செய்தவருக்கே உரியது. பழைய மகிழுந்தை வாங்குபவருக்கு முந்தைய உரிமையாளரின் சலுகை கிடைக்காது. விற்றவர் தம் நிறுவனத்திடமிருந்து சலுகை ஒதுக்கீட்டுக் கடிதம் பெற்று, மூன்றாண்டுகளுக்குள் வாங்கும் அதே வகை வாகனத்துக்கு அதனைப் பயன்படுத்தலாம். மகிழுந்தில் ஈட்டிய சலுகை இருசக்கர வாகனத்துக்குச் செல்லாது. காப்பீடு செய்தவர் இறந்தால், வாகனத்தைப் பெற்றுப் பயன்படுத்தும் வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் அல்லது பெற்றோர் அதனைப் பெறலாம். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிடில் சலுகை அற்றுப்போகும்.

நிறுவனம் மாறும்போது

முந்தைய நிறுவனத்தின் புதுப்பித்தல் அறிவிப்போ சலுகையை உறுதிப்படுத்தும் கடிதமோ முறையான சான்றாகும். புதுப்பித்தல் அறிவிப்பில் வரும் ஆண்டுக்குரிய விகிதம் இருக்கும். பாலிசி ஆவணத்தில் இருப்பதோ அந்த ஆண்டுக்கு ஏற்கெனவே அளிக்கப்பட்ட விகிதம். எனவே 25 விழுக்காடு என அச்சிட்ட பாலிசியை உடையவர், அவ்வாண்டில் இழப்பீடு கோராதிருந்தால், 35 விழுக்காட்டுக்கு உரியவர். அவ்வாண்டில் இழப்பீடு பெற்றிருந்தால் அவருக்கு எதுவும் இல்லை. ஆயினும் கையிலுள்ள பாலிசியில் 25 என்றே இருக்கும். ஆகவே பாலிசி நகல் மட்டும் முழுச் சான்றாகாது.

கடிதம் கிடைக்காதபோது வாடிக்கையாளரின் உறுதிமொழியை ஏற்கவும் 27ஆம் விதி இடமளித்தது. தாம் கோரும் விகிதம் சரியானது, முடியும் பாலிசியின் காலத்தில் இழப்பீட்டுக் கோரிக்கை எதுவும் எழவில்லை, இது தவறெனக் கண்டறியப்பட்டால் பாலிசியின் முதற்பிரிவின் பயன்கள் அனைத்தையும் இழக்க உடன்படுகிறேன் என்பது அதன் சாரம். முதற்பிரிவு என்பது சொந்தச் சேதக் காப்பீடு முழுவதும் ஆகும். இணையவழிப் புதுப்பித்தலில் 'இழப்பீடு கோரவில்லை' என்ற கட்டத்தில் இடும் ஒரு குறியும் இத்தகைய உறுதிமொழியே. இதைப் பலர் படிக்காமலே கடந்துவிடுகின்றனர்.

எடுத்துக்காட்டாக, சொந்தச் சேதப் பிரீமியம் 12,000 ரூபாய் எனக் கொள்வோம். 25 விழுக்காட்டுச் சலுகையைத் தவறாகப் பெறுபவருக்கு மிச்சமாவது 3,000 ரூபாய். பின்னர் விபத்தில் 2,00,000 ரூபாய் சேதம் ஏற்பட்டால், அத்தொகை முழுவதுமே மறுக்கப்படும் நிலை வரலாம்.

வாடிக்கையாளரிடம் பொய்யுரைக்கும் நோக்கம் இல்லாமலும் இந்நிலை நேர்வதுண்டு. பாலிசி முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே புதிய நிறுவனத்தில் பணம் செலுத்திவிட்டு, இறுதி வாரத்தில் விபத்துக்குள்ளாகிப் பழைய பாலிசியில் இழப்பீடு பெறுபவரின் உறுதிமொழி, அளித்தபோது உண்மையாக இருந்தும், புதிய பாலிசி தொடங்கும்போது பொய்யாகிவிடுகிறது. இதனைப் புதிய நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, சலுகைத் தொகையைச் செலுத்தித் திருத்தச் சான்று பெறுவதே பாதுகாப்பானது.

நிறுவனங்களின் கடமை

உறுதிமொழியை ஏற்றுச் சலுகை அளித்த நிறுவனம், காப்பீடு அளித்த 21 நாட்களுக்குள் முந்தைய நிறுவனத்துக்குப் பதிவு அஞ்சலில் எழுதி உறுதிப்படுத்தல் கேட்க வேண்டும் என்றும், முந்தைய நிறுவனம் கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் விடையளிக்க வேண்டும் என்றும் அவ்விதி கூறியது. இரண்டில் எது தவறினாலும் விதிமீறலாகக் கருதப்பட்டது. நடைமுறையில் இழப்பீட்டுக் கோரிக்கை வந்த பிறகே விசாரிக்கும் போக்கு காணப்பட்டதால் வழக்குகள் எழுந்தன. தேசிய நுகர்வோர் ஆணையத்தின் தீர்ப்புகள் ஒரே திசையில் இல்லை. உரிய காலத்தில் சரிபார்க்கத் தவறிய நிறுவனம் கோரிக்கையை முழுவதுமாக மறுக்க இயலாது என்ற கருத்தும், பொய்யான உறுதிமொழி ஒப்பந்தத்தின் அடிப்படையையே தகர்க்கும் என்ற கருத்தும் வெவ்வேறு வழக்குகளில் ஏற்கப்பட்டுள்ளன.

வெளிநாட்டில் ஈட்டிய சலுகை

வெளிநாட்டில் பெற்ற சலுகையையும் 27ஆம் விதி ஏற்றது. அங்குள்ள பாலிசி முடிந்த மூன்றாண்டுகளுக்குள் இந்தியாவில் காப்பீடு செய்ய வேண்டும். தாயகம் திரும்புவோர் அங்குள்ள நிறுவனத்தின் உறுதிக் கடிதத்தைப் புறப்படும் முன்னரே பெற்றுக்கொள்வது நலம்.