பிள்ளைமடுவமும் முதற் கஞ்சியும்

1867 ஆம் ஆண்டில் இரு வேறு நாடுகளில் இரண்டு சிறு முயற்சிகள் நடைபெற்றன. கண்டிச் சீமையின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை நட்டார். சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே என்னும் மருந்துக் கலவையாளர் பசும்பால், கோதுமை மா, சர்க்கரை ஆகியவற்றைச் சேர்த்துக் குழந்தை உணவொன்றைச் செய்து விற்கத் தொடங்கினார். இவ்விரு முயற்சிகளின் பயன்களும் பிற்காலத்தில் தலவாக்கலை மலைச்சரிவில் ஒரே லயக்காம்பராவினுள் வந்து சேருமென அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

கோப்பி, காலம் பார்த்துப் பழுக்கும் பயிர். பழம் பறிக்கும் பருவத்துக்கெனத் தமிழகத்திலிருந்து வந்தவர்களிற் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869 இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் அதன் இடத்தைப் பிடித்த தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஏழெட்டு நாட்களுக்கொரு முறை அதே மலைக்குத் திரும்பிக் கொழுந்தெடுக்காவிட்டால் இலை முற்றிவிடும். 1885 இல் புகையிரதப் பாதை தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை எட்டியபோது, சுற்றியுள்ள மலைகளெல்லாம் பச்சை போர்த்தத் தொடங்கியிருந்தன. கொழுந்தெடுக்கும் வேலை பெண்களின் கைக்கு வந்தது. குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. பிள்ளை பெற்றவளும் பிரட்டுக்குப் போகவேண்டிய நிலை உண்டாயிற்று. அவள் மலையில் நிற்கும் வேளையில் கைக்குழந்தையை யார் பார்ப்பது, அதற்கு என்ன கொடுப்பது என்ற வினாக்கள் அன்றே பிறந்துவிட்டன.

இவ்வினாவுக்குத் தோட்டம் கண்ட விடைதான் பிள்ளைமடுவம். பிள்ளைக் காம்பரா என்றும் அதனைச் சொல்வதுண்டு. ஒரு நீண்ட அறை, கூரை மரத்தில் வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள், கொழுந்தெடுக்கும் வலுவிழந்த ஒரு முதியவள், இவையே அதன் பழைய உருவம். 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தக்க பராமரிப்பும் போசாக்கும் கிடைப்பதைக் கவனிக்கும் பொறுப்பைத் துரைமார் மீது சுமத்தியது. சட்டம் எழுதுவது எளிது. எட்டுப் பத்துத் தொட்டில்களை ஒருத்தி ஆட்டுவது எளிதன்று. அழுகின்ற பிள்ளையின் வாயில் சர்க்கரை கரைத்த நீரோ, கஞ்சித் தெளிவோ, சில வேளை தேயிலைச் சாயமோ புகட்டப்பட்டதற்கு அந்த முதியவளைக் குறை கூறுவது நியாயமாகாது.

தகரத்தில் அடைத்த பால் அதன் பின்னர் வந்தது. சீனி சேர்த்த கெட்டிப்பால் கெடாதது, இனிப்பானது, கடையிற் கிடைப்பது. ஆயினும் சிசுவுக்கு வேண்டிய கொழுப்பும் உயிர்ச்சத்துகளும் அதில் இல்லை. கிழக்கு நாடுகளில் இதன் கொடுமையைக் கண்ட மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939 இல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் ஆற்றிய உரைக்குப் பாலும் கொலையும் என்றே தலைப்பிட்டார். தகரப்பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடெனக் கூறி விற்பது கொலைக்கொப்பான செயலென அவர் துணிந்து சொன்னார். அதே 1939 இல் இலங்கையில் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. இவ்விரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனால் இரண்டும் தொட்டது ஒரே புண்ணைத்தான்.

குழந்தைக்கு எப்போது மாவுணவு தொடங்குவது என்பதில் மேல்நாட்டு மருத்துவர்களின் கருத்து ஊஞ்சல் போல ஆடியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு வயது நெருங்கும் வரை திட உணவே ஆகாதென்றோர் பலர். 1931 இல் கனடாவின் டொரன்டோ நகரக் குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர்கள் பாப்லம் எனும் முன்சமைத்த தானிய மாவை வெளிக்கொணர்ந்தனர். மாவு கைக்கெட்டியதும் வயதெல்லை இறங்கிற்று. 1953 இல் வோல்ட்டர் சாக்கெட் என்னும் அமெரிக்க மருத்துவர், பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளிலேயே தானியக் கூழ் கொடுக்கலாமென எழுதும் அளவுக்கு அது போயிற்று. வயிறு நிறைந்தால் பிள்ளை இரவு முழுவதும் தூங்கும் என்ற நம்பிக்கையும் இதனுடன் வளர்ந்தது. 1989 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஐந்தாம் வாரத்திலேயே போத்தலில் மாவு கலந்து பெற்ற குழந்தைகளும் நான்காம் மாதத்திற் பெற்ற குழந்தைகளும் தூக்கத்தில் வேறுபடவில்லை. பாட்டிமார் இதனை ஒப்புக்கொள்வது கடினம்.

இதில் மாப்பால் குடிக்கும் பிள்ளையின் கதை சற்றுத் தனியானது. பழைய பால்மாக்களில் இரும்புச்சத்து மிகக் குறைவு. ஆகவே, இரும்பு சேர்த்த தானியத்தை முன்கூட்டியே கொடுக்கவேண்டும் என்ற வாதத்தில் அன்று ஓரளவு பொருள் இருந்தது. குழந்தைகளுக்கெனச் செய்யப்படும் பால்மாவில் இரும்பு சேர்க்கப்பட்டதன் பின்னர் அவ்வாதம் வலுவிழந்தது. 2001 இல் உலகச் சுகாதார சபை, முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே போதுமென வரையறுத்தது. தாய்ப்பால் பெறாத பிள்ளைக்கும் ஆறாம் மாத நிறைவே திட உணவு தொடங்கும் வேளை என உலகச் சுகாதார நிறுவனம் 2005 இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. அதற்கு முன்னர் பிள்ளையின் கழுத்து முழுமையாக நிலைப்பதில்லை. வாயில் வைத்ததை நாக்கு வெளியே தள்ளும். அதற்குப் பின்னரோ, பிறக்கும்போது உடலிற் சேர்த்து வந்த இரும்பு தீர்ந்துவிடுகிறது; பால் மட்டும் போதாமற் போகிறது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு மட்டும் மருத்துவர் வேறு கணக்குச் சொல்லக்கூடும்.

தலவாக்கலைத் தாய்க்கு இவ்வாறு மாதம் எண்ணுவது அத்துணை எளிதாக இருந்ததில்லை. சட்டம் தரும் பிரசவ விடுமுறை 12 வாரங்கள். மூன்றாவது பிள்ளை முதலாகக் குறைந்திருந்த அவ்விடுமுறை, 2018 இல்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக்கப்பட்டது. எனவே பிள்ளைக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போதே தாய் கொழுந்துக் கூடையைச் சுமக்கிறாள். மருத்துவம் ஆறு மாதம் என்கிறது. விடுமுறையோ அதன் பாதியில் முடிகிறது. இடைப்பட்ட மூன்று மாதங்களில்தான் போத்தலும் கஞ்சியும் வீட்டுக்குள் நுழைகின்றன. பாலூட்டும் தாய்க்கு ஒன்பது மணி நேர வேலையில் இருமுறை இடைவேளை வழங்கவேண்டுமெனச் சட்டம் சொல்கிறது. பிள்ளைமடுவம் உள்ள இடத்தில் ஒவ்வொரு இடைவேளையும் அரை மணி நேரம். மடுவத்துக்கு அருகிலுள்ள மலையென்றால் அது போதும். தூரத்து மலையிலிருந்து இறங்கி ஏறுபவளுக்கு நடைக்கே அரை மணி போய்விடும். கூடையின் நிறையும் குறைந்துவிடும்.

போத்தலுக்குப் போனவர்களுக்கு வேறு தொல்லை. பால்மா விலையுயர்ந்தது, ஆகவே குறிப்பிட்ட அளவுக்கு மேல் நீர் கலந்து ஒரு தகரத்தைப் பல நாள் நீட்டுவர். தேநீருக்கு வாங்கிய பால்மாவையே சிசுவுக்குக் கரைத்துக் கொடுப்பாரும் உண்டு. அது சிசுவுக்கென அமைந்ததன்று. நீரைக் கொதிக்கவைத்து, 70 பாகைக்குக் குறையாத சூட்டில் மாவைக் கரைத்து, உடல் வெப்பத்துக்கு ஆறவைத்துக் கொடுக்கவேண்டும் என்பது முறை. ஈர விறகில் அடுப்பு மூட்டும் லயத்தில் ஒவ்வொரு வேளையும் இதனைச் செய்வது எத்தகைய வேலையென்பதைச் செய்தவர்களே அறிவர். பால்மா விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச விதிக்கோவை 1981 இல் பிறந்தது. இலங்கை 1983 இலேயே தனது விதிக்கோவையை வகுத்து முன்னணியில் நின்றது.

முந்திக் கொடுப்பது ஒரு பிழையென்றால், பிந்திக் கொடுப்பதும் அதற்குக் குறைந்ததன்று. ஆறு மாதம் கடந்த பின்னும் கஞ்சித் தெளிவையே புகட்டி வளர்த்த பிள்ளைகள் வயிறு நிறைந்தும் மெலிந்தன. தெளிவில் நீரே அதிகம், சத்துச் சிறிதே. சாயம் இன்னொரு வகையிற் கேடு செய்தது. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள், உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்காதபடி தடுக்கிறது. தேயிலையின் இயல்புகளை நுணுகி ஆராயும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் இதே தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்தில்தான்.

1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்கள் பட்டினியை நேரிற் கண்டன. பங்கீட்டு அரிசி சுருங்கியது. கோதுமை மாவுக்குக்கூட வரிசை நின்றது. பிள்ளைகளே முதலில் வீழ்ந்தனர். சோளமும் சோயாவும் கலந்த திரிபோஷ எனும் சத்துமா இந்நாட்டில் விநியோகிக்கப்படத் தொடங்கியது 1973 இல். நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அது இலவசமாகக் கிடைத்தது. கடையில் விற்கும் தானிய மாவை வாங்க இயலாத குடும்பத்துக்கு அதுவே பிள்ளையின் முதல் மாவுணவாயிற்று. வீட்டுக்கு வந்த பொதியை அண்ணனும் அக்காளும் பகிர்ந்துண்டது வேறு கதை. பசியுள்ள வீட்டில் அதனைத் தவறென்று யார் சொல்வர்? 2022 இல் பூஞ்சண நச்சற்ற தரமான சோளம் கிடைக்காமையால், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளுக்குரிய திரிபோஷ தடைப்பட்டது. பொருளாதார நெருக்கடியும் பால்மா விலையேற்றமும் சேர்ந்திருந்த ஆண்டு அது.

பழைய பிள்ளைமடுவங்கள் பல இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் எனப் பெயர் பெற்றுள்ளன. சேலைத் தொட்டிலுக்குப் பதில் கட்டிலும், முதியவளுக்குப் பதில் பயிற்சி பெற்ற பெண்ணும் வந்த இடங்கள் உண்டு. குடும்ப நல உத்தியோகத்தர் பிள்ளையின் நிறையை வளர்ச்சிப் பதிவேட்டில் குறித்துச் செல்கிறார். ஆறு மாதம் நிறைந்த பிள்ளைக்கு அவர் கூறும் முதல் உணவு தகரத்தில் வருவதன்று. குழைய வடித்த சோறு, அதில் பருப்பு, பூசணியோ கீரையோ சிறிது, ஒரு துளி எண்ணெய். கரண்டியிலிருந்து வழிந்தோடாத பதத்தில் மசித்து, முதல் நாள் இரண்டு மூன்று கரண்டி போதுமென்பார். போத்தலில் கரைத்து ஊற்றக் கூடாது; பிள்ளையை நிமிர்த்தி வைத்து, அது வாய் திறக்கும் வரை காத்திருந்து ஊட்டவேண்டும். காலைப் பிரட்டுக்கு முன்னர் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. ஆதலால் பல வீடுகளில் அச்சோற்றை முதலில் ஊட்டுவது பாட்டியின் கைதான்.