மணலில் தொடங்கிய பாடம்

கல்வியின் வரலாறு என்று நாம் படிப்பவை பெரும்பாலும் நூல்களின் வரலாறும் நிறுவனங்களின் வரலாறுமே. ஒருவன் செய்வதை இன்னொருவன் பார்த்துத் தானும் செய்யத் தொடங்கும் அந்தச் சிறு கணத்திற்கு ஆவணம் கிடையாது. கல்லில் வெட்டவோ ஓலையில் பொறிக்கவோ யாருக்கும் தோன்றாத நிகழ்வு அது. ஆயினும் அரிதாகச் சில வேளைகளில், வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அதைக் கண்டு வியந்து எழுதி வைத்துவிடுகிறார். அத்தகைய இரு பதிவுகளையும், அவற்றுள் ஒன்று கடல் கடந்து சென்ற கதையையும் இங்கே காண்போம்.

முதற் பதிவு 1623ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோவாவிலிருந்து இக்கேரி நாயக்கரின் அவைக்குச் சென்ற தூதுக்குழுவோடு பயணம் செய்த இத்தாலியர் பியெத்ரோ தெல்லா வாலே, வழியில் ஒரு கோயிலின் முன்மண்டபத்தில் நான்கு சிறுவர்கள் கணக்குப் படிப்பதைக் கண்டார். ஆசிரியர் எவரும் உடனில்லை. ஒருவன் பாடத்தை இசையோடு சொல்லிக்கொண்டே, தரையில் தூவிய மெல்லிய மணலில் விரலால் எழுதினான். அவன் முடித்ததும் மற்றவர்கள் அதையே சேர்ந்து பாடி எழுதினர். மணற்பரப்பு நிறைந்ததும் கலைத்துவிட்டுப் புதிதாக மணல் தூவிக்கொண்டனர். மறந்துபோனால் திருத்துவது யார் என்று பயணி வினவினார். நால்வரும் ஒரே இடத்தை ஒருசேர மறக்க முடியாதே என்று விடை வந்தது. கூட்டுக் கற்றலின் அடிப்படை முழுதும் அந்த விடையில் அடங்கிவிடுகிறது.

நம் திண்ணைப் பள்ளிகளும் இம்முறையிலேயே நடந்தன. புதிதாகச் சேர்ந்த பிள்ளை முதலில் மணலில் எழுதும்; கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும். அண்ணாவி ஒருவராகப் பலநிலைப் பிள்ளைகளையும் கவனிக்க இயலாது. ஆகவே மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்க்கு முறைசொல்லிக் கொடுப்பான். அதன் வழியே தன் பாடத்தையும் உறுதிசெய்துகொள்வான். இதற்குத் தத்துவமோ பெயரோ இருந்ததில்லை. பெயரில்லாதவற்றுக்கு உரிமை கொண்டாடவும் ஆளில்லை.

இனி இரண்டாம் பதிவு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787இல் சென்னை வந்து சேர்ந்தார். 1789இல், படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்காக எழும்பூரில் தொடங்கப்பட்ட ஆதரவற்றோர் விடுதியின் பொறுப்பை ஊதியமின்றி ஏற்றார். அங்கிருந்த துணை ஆசிரியர்களின் சோம்பலும் பழகிய தடம் விட்டு விலகாத போக்கும் அவரை வாட்டின. ஒருநாள் காலை குதிரையில் செல்கையில், ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் 'மலபார்' என்றே குறித்தனர் என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

கண்டதை உடனே தம் விடுதியில் செய்யச் சொன்னார். துணை ஆசிரியர்கள் இசையவில்லை. உடனே அவர் ஜான் ஃபிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதைச் சிறுவன் முடித்துக் காட்டினான். படிப்படியாக விடுதியின் கற்பித்தல் முழுதும் மாணவர் கைக்கே வந்தது. குற்றங்களை ஏட்டில் குறித்து, சிறுவர்களே கூடி விசாரிக்கும் ஏற்பாடும் உருவாயிற்று.

பெல் 1796இல் தாயகம் திரும்பினார். எழும்பூர்ச் சோதனையை விவரிக்கும் நூலை 1797இல் லண்டனில் வெளியிட்டார். அம்முறை 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞரும் லண்டனில் இதையொத்த பள்ளியை நடத்தி 1803இல் நூல் எழுதினார். இருவரில் யார் முதல்வர் என்ற பூசல் சமயப் பிரிவுகளின் பூசலாகவும் வளர்ந்தது. 1811இல் பெல்லின் முறையைப் பரப்ப 'நேஷனல் சொசைட்டி' தோன்றியது. செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் கொடையால் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே வழங்குகிறது. அதே முறை 1814இல் ராபர்ட் மே என்னும் மறைப்பணியாளரால் வங்காளத்துச் சின்சுராவில் இந்தியப் பிள்ளைகளுக்கே 'புதிதாக' அறிமுகமானது!

கடன் யாருக்கு என்ற கேள்வி இங்கே எழுகிறது. மணலில் எழுதும் வழக்கம் 'மலபார்' பள்ளியில் கண்டது என்பதைப் பெல் மறைக்கவில்லை. மாணவனே மாணவனுக்குக் கற்பிப்பதை மட்டும் தம் கண்டுபிடிப்பு என்றே இறுதிவரை கூறிவந்தார். ஆனால் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்ட கல்விக் கணக்கெடுப்புக்கு விடையளித்த பெல்லாரி ஆட்சியர் கேம்பெல், 1823இல் வேறு விதமாக எழுதினார்: தேர்ந்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் உள்ளூர் முறை பாராட்டத்தக்கது, இங்கிலாந்து அதைப் பின்பற்றியதும் தகும் என்றார். பெல் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. பார்த்துக் கற்பதில் ஒரு விந்தை உண்டு. எதைப் பார்த்தோம் என்பது நினைவிலிருக்கும். பார்த்தவற்றுள் எவையெல்லாம் நமக்குள் இறங்கின என்பது நினைவில் தங்குவதில்லை. மணலைக் கண்ட கண், மணலருகே நின்ற சட்டாம்பிள்ளையையும் கண்டிருக்கக்கூடும்.

இதைப் பழம்பெருமையாக மட்டும் வாசிப்பது போதாது. உள்ளூர் முறையைப் பாராட்டிய அதே கேம்பெல், பிள்ளைகள் பொருளறியாமல் ஒப்பிப்பதையும் குறித்திருக்கிறார். திண்ணையில் யார் அமரலாம் என்பதில் சாதியின் சுவர் இருந்தது; பெண்பிள்ளைகள் மிக அரிது. கடலுக்கு அப்பாலும் நிலைமை உயர்ந்ததாக இல்லை. ஏழைப் பிள்ளைகள் எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்க வேண்டியதில்லை என்று பெல்லே 1808இல் எழுதினார். லங்காஸ்டரின் பள்ளியிலோ, தவறிய சிறுவனைக் கூடையிலிட்டுக் கூரையில் தொங்கவிட்டு மற்றவர் காணச் செய்தனர். அந்தச் சிறுவர்கள் அண்ணாந்து பார்த்துக் கற்ற பாடம் எழுத்தன்று. வலியவன் எளியவனை அவமதிக்கலாம் என்னும் பாடம் அது.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 1961இல் ஆல்பர்ட் பண்டூரா ஸ்டான்ஃபோர்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு அறிவியல் வடிவம் தந்தது. 72 மழலைகளைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு அது. காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடித்து உதைப்பதைச் சிலருக்குக் காட்டினர். சிலருக்கு அமைதியாக விளையாடுபவரைக் காட்டினர். எஞ்சியோருக்கு எவரையும் காட்டவில்லை. வன்முறையைக் கண்ட பிள்ளைகள் அதே அடியையும் அதே சொற்களையும் திரும்பச் செய்தனர். செய் என்று யாரும் சொல்லவில்லை. பரிசு தருவதாகவும் சொல்லவில்லை. கண்டார்கள், செய்தார்கள்.

இக்கேரி வழிச் சிறுவர்களையும் எழும்பூர் ஃபிரிஸ்கெனையும் ஸ்டான்ஃபோர்டு மழலைகளையும் இணைப்பது இந்த ஒன்றுதான். குழந்தையின் கண்ணுக்கு நல்லது தீயது என்ற வடிகட்டி இல்லை. எழுத்தும் அடியும் ஒரே வாயில் வழியே உள்ளே செல்கின்றன. பாடத்திட்டம் குறித்து நாம் ஓயாமல் வாதிடுகிறோம். ஆனால் பிள்ளையின் கண்முன்னே நாள்தோறும் நின்றுகொண்டிருப்பவர்கள் நாம்தாம். நம்மிடமிருந்து அது கற்றுக்கொண்டிருப்பது எதுவென்று வினவ, எந்த மன்றோவும் இதுவரை கணக்கெடுப்பு நடத்தியதில்லை.