செங்கல் போய்க் கல் வந்தது!

பரீட்சை வந்தால் நம்ம ஊர்ப் பிள்ளைகள் பிள்ளையாரிடம் ஓடுவார்கள் இல்லையா? ஜப்பான் மாணவர்கள் ஓடுவது தஸைஃபு என்ற ஊரில் உள்ள ஷின்டோ கோயிலுக்கு! 1591-ல் கட்டிய அதன் கருவறை மண்டபத்தைப் பழுதுபார்க்க வேண்டி வந்தது. அதுவரை சாமி எங்கே இருப்பார்? ஸோ ஃபுஜிமோட்டோ என்ற நவீனக் கட்டடக் கலைஞர் 2023-ல் ஒரு தற்காலிகச் சன்னதி கட்டிக் கொடுத்தார். கூரை மேல் நிஜ மரங்கள்... ஒரு குட்டிக் காடு! நம்ம பாலாலயம்தான், கொஞ்சம் மாடர்னாக.

'பழைய கோயிலில் போய் இப்படியா?' என்று முகம் சுளிக்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு வாருங்கள். மேற்கே கல்வராயன் மலை. கிழக்கே, தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூர். அங்கே ஓங்கி நிற்கும் உலகளந்த பெருமாளின் கருங்கல் கோயிலைப் பார்த்தால், ஆதியிலிருந்தே கல்தான் என்று தோன்றும். கிடையாது! பழைய கோயில் செங்கல்!

இரண்டாம் ராஜேந்திர சோழனின் 6-ம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (சுமார் 1058) விஷயத்தைச் சொல்கிறது. செங்கல் அடுக்கிக் கட்டிய விமானம் விரிசல் விட்டுவிட்டது. மிலாடு நாட்டுத் தலைவன் நரசிம்மவர்மன் அதை இடித்துவிட்டுக் கல்லில் கட்டினான். முன்னால் மண்டபம், பெருமாளுக்கு முத்து விதானம் வேறு! 'அந்தக் காலத்துச் செங்கலை இடிக்கிறானே' என்று ஊர்ப் பெரியவர் யாராவது முணுமுணுத்திருப்பாரோ, என்னவோ!

இதெல்லாம் என்ன... அதற்கும் நானூறு வருஷத்துக்கு முன்பே, பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்த மகேந்திரவர்ம பல்லவன், 'செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாமல் கட்டினேன்' என்று கல்வெட்டிலேயே பெருமைப்பட்டுக்கொண்டான். அன்றைய அல்ட்ரா மாடர்ன் ஆசாமி அவன்தான்!

ஆக, கோயிலில் புதுமை தப்பில்லை. பழசை மறப்பதுதான் தப்பு. ராஜராஜனின் பெரிய பாட்டி செம்பியன் மாதேவி, திருக்கோடிக்காவல் கோயிலைக் கல்லில் புதுப்பித்தபோது, பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி பொறிக்க வைத்தார். நாம்? கல்வெட்டு மேலேயே டைல்ஸ் ஒட்டுகிறோம், பெயின்ட் அடிக்கிறோம். அதன் கீழே 'உபயம்' என்று நம் பெயரையும் எழுதிக்கொள்கிறோம்!

அடுத்த முறை உங்கள் ஊர்க் கும்பாபிஷேகத்துக்கு வசூல் நோட்டோடு வருவார்கள். தாராளமாகக் கொடுங்கள். கூடவே ஒரு கேள்வியும் கேட்டு வையுங்கள்: "சுவத்துல இருக்கற எழுத்தைப் படியெடுத்தாச்சாங்க?"