பிசி: விடுகதையின் பழம்பெயர்

சிறுவர் விளையாட்டென்று நாம் ஒதுக்கிவைத்த விடுகதைக்குத் தொல்காப்பியர் இலக்கியத் தகுதி அளித்திருக்கிறார். பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் எனச் செய்யுளியல் கூறும் 7 வகைகளுள் பிசி என்பதே விடுகதை. பிசியை அவர் நொடியோடு சேர்த்துச் சொல்கிறார். ஈழத்தில் விடுகதைக்கு நொடி என்றே பெயர்.

உவமையால் அமைவது, சொல்லும் குறிப்புகளால் பொருள் தோன்றுவது எனப் பிசி இருவகைப்படும். யானையை மலையாகவும் தந்தத்தைப் பிறையாகவும் காட்டும் பிசியொன்றைப் பேராசிரியர் உரையில் காண்கிறோம். பிசிக்கு அடிவரையறை இல்லை. ஆகவே யாப்பறியாச் சிறுவரும் அதனைக் கட்டலாம்.

வகுப்பறையில் நாமோ விடையை மட்டுமே கேட்கிறோம். இனி ஒரு குடையையோ எறும்பையோ காட்டி, விடுகதை போடும் உரிமையைக் குழந்தையிடம் கொடுப்போம். உவமையின் இலக்கணத்தை மனப்பாடம் செய்யுமுன்பே அது ஓர் உவமையைப் படைத்துவிடும்.